கார் எஞ்சின் மிஸ் ஆகிறதா? கொழும்பில் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"கார் உதறுது, இழுவை இல்லை, எஞ்சின் லைட்டும் எரியுது." மழைக்காலம் தொடங்கினால் எங்கள் கராஜுக்கு வருபவர்களில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு சிலின்டர் ஒழுங்காக எரியாமல் விடுவது. எனக்கு மனவருத்தம் தருவது என்னவென்றால், வருபவர்களில் பலர் யாரோ சொன்னதைக் கேட்டு பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் கொயில் நான்கு, பொறி தரும் பிளக் நான்கு எல்லாம் ஏற்கெனவே மாற்றிவிட்டு, குறை அப்படியே இருக்க வருகிறார்கள். இன்றைய பாக விலையில் அது ஒரு குடும்பத்தின் மாதச் செலவையே ஆட்டிவிடும் தொகை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்தப் பாகம் என்று உறுதியாகத் தெரியாமல் ஒன்றையும் வாங்காதீர்கள். அதை எப்படி உறுதிப்படுத்துவது என்பதற்கே கீழே அதிகம் இடம் கொடுத்திருக்கிறேன்.

எஞ்சின் மிஸ் ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பெற்றோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலின்டரும் காற்றும் பெற்றோலும் கலந்த கலவையை இழுத்து, அழுத்தி, பிளக்கின் பொறியால் எரிக்கிறது. அந்த எரிப்பு ஒரு தடவை நடக்காமல் போனாலோ அரைகுறையாக நடந்தாலோ அதுதான் மிஸ். கார் நின்று ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சிலின்டரும் நிமிடத்துக்கு 350 தடவை எரிய வேண்டும். 3000 சுற்றில் அது 1500 தடவை, அதாவது நொடிக்கு 25. இதில் சில தவறினாலே கைக்கு அதிர்வு தெரியும்.

எரிவதற்கு மூன்று விஷயம் வேண்டும்: நல்ல பொறி, சரியான அளவில் பெற்றோலும் காற்றும், போதுமான அழுத்தம். மிஸ் எதனால் வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும். தேடும்போது இதே வரிசையில் தேடினால் குறைந்த செலவில் முடியும். பொறியைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். அழுத்தக் குறையைச் சரிசெய்ய எஞ்சினையே திறக்க நேரலாம்.

மிஸ்தானா, அல்லது எஞ்சின் மவுண்ட் போய்விட்டதா?

மவுண்ட் என்பது எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர். இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டு 'டி' கியரில் நிற்கும்போது கார் முழுக்க ஒரே சீராக அதிர்ந்து, 'என்' போட்டதும் அது பெருமளவு குறைந்தால் முதலில் மவுண்டைப் பாருங்கள். மிஸ் என்றால் அதிர்வு சீராக இருக்காது. விட்டு விட்டுத் தட்டும், ஆர்பிஎம் முள் சற்று இறங்கி ஏறும், சைலன்சர் வாயில் கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் காற்று 'புப்… புப்… பு' என்று இடையில் விட்டுப் போவது தெரியும்.

ஏசி போட்டுத்தான் சோதிக்க வேண்டும். கொழும்பில் ஏசி இல்லாமல் யாரும் ஓடுவதில்லை. ஏசி கம்பிரசரின் பாரம் ஏறும்போதுதான் பலவீனமான சிலின்டர் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒல்டோ, வேகன் ஆர் போன்ற மூன்று சிலின்டர் கார்கள் இயல்பாகவே கொஞ்சம் அதிரும். புதிதாக வாங்கியவர்கள் அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் அதே காரில் ஒரு சிலின்டர் உண்மையிலேயே நின்றால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். மேம்பாலம் ஏறும்போதே தெரிந்துவிடும்.

எஞ்சின் லைட் சிமிட்டுகிறது. வீடு வரை ஓடலாமா?

லைட் நிலையாக எரிவதும் சிமிட்டுவதும் வேறு வேறு. நிலையாக எரிந்தால் குறை பதிவாகியிருக்கிறது, கெதியில் காட்டுங்கள் என்று அர்த்தம். சிமிட்டினால், எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிட்டிக் கன்வெர்ட்டரை இந்த நிமிடமே கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெற்றோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானை உருக்கிவிடும். உருகியது அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சினே திணறும். ஒரு பிளக்கோடு முடிய வேண்டிய வேலை பல மடங்கு செலவில் முடிவது இப்படித்தான்.

காலை எடுத்து மெதுவாக்குங்கள். சிமிட்டுவது நின்றால் அருகிலிருக்கும் கராஜ் வரை பாரம் கொடுக்காமல் மெல்லப் போகலாம். நிற்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். இந்த நிலையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறவே வேண்டாம்.

ஸ்கேனில் பி0301 என்று வந்தது. முதலாவது கொயில் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தத் தவறான புரிதலால்தான் அதிகம் காசு வீணாகிறது. பி0301 என்ற இந்தக் குறை இலக்கம், அதாவது கோட், சொல்வது முதலாவது சிலின்டர் எரியாமல் விடுகிறது என்பதை மட்டும். ஏன் விடுகிறது என்பது காரின் கம்பியூட்டருக்குத் தெரியாது. இரண்டாவது என்றால் பி0302, மூன்றாவது பி0303, இப்படிப் போகும். பி0300 வந்தால் ஒரே சிலின்டர் என்று இல்லை, மாறி மாறி விடுகிறது என்று பொருள்.

கம்பியூட்டர் இதைக் கண்டுபிடிக்கும் விதம் தெரிந்தால் கோட்டை அளவுக்கு மீறி நம்ப மாட்டீர்கள். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கைக் கவனிக்கும் கிராங்க் சென்சர், எஞ்சின் சுற்றும் வேகத்தை நுணுக்கமாக அளந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு எரிப்பும் கிராங்கை ஒரு உந்து உந்த வேண்டும். முதலாவது சிலின்டரின் முறையில் அந்த உந்து வராமல் வேகம் சற்று விழுந்தால் அது பி0301. பொறி இல்லாவிட்டாலும் விழும், பெற்றோல் வராவிட்டாலும் விழும், வால்வு எரிந்திருந்தாலும் விழும்.

கூட வரும் கோட்கள்தான் வழிகாட்டும். பி0351 முதல் பி0354 வரை ஏதாவது இருந்தால் கொயிலின் மின்சுற்றில் குறை. பி0201 வரிசை, பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் மின்சுற்று. பி0171 வந்தால் கலவையில் பெற்றோல் குறைவு அல்லது காற்று அதிகம். பி0420 இருந்தால் கன்வெர்ட்டர் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கலாம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கோட்டை வாசிப்பதற்கு முன் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு "லைட் போய்விட்டது" என்று வராதீர்கள். குறை பதிவான அந்த நேரத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் என்ற பதிவும் அதோடு அழிந்துவிடுகிறது. எங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய துப்பு அதுதான்.

தொலைபேசியோடு இணைக்கும் சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கி வைக்கலாமா?

தாராளமாக. கோட் வாசிக்க, எஞ்சின் சூட்டையும் கலவை அளவையும் ஓடும்போதே பார்க்க அது போதும். ஜப்பானில் இருந்து வந்த பழைய கார்கள் சிலவற்றோடு மட்டும் அது பேசாது. குறிப்பாக 2000-களின் முற்பகுதியில் தயாரானவை. அவற்றுக்கு கராஜில் இருக்கும் பெரிய ஸ்கேனர்தான்.

கொயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா? பாகம் வாங்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

காரில் இருக்கும் பாகங்களையே இடம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி. செலவு இல்லை. பத்து மில்லிமீற்றர் சொக்கட் ஒன்றும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே செய்யலாம். விட்ஸ், அக்சியோ மாதிரிக் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் கொயில் இருக்கும்.

கோட் பி0302 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினை நிறுத்தி ஆற விடுங்கள். மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் நான்கு கொயிலும் வரிசையாகத் தெரியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் கழற்றுங்கள். வயர் சொக்கட்டின் பூட்டைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். கொழும்பின் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் காய்ந்து போயிருக்கும், முறுக்கினால் உடைந்துவிடும். பிறகு கொயிலைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பி நேராக மேலே தூக்குங்கள். இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி, கோட்டை அழித்து, அதே பாரத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள்.

இப்போது பி0303 வந்தால் குறை கொயிலோடு நகர்ந்திருக்கிறது. அந்த ஒரு கொயிலை மட்டும் வாங்கினால் போதும். பி0302 அப்படியே நின்றால் கொயில் குற்றமற்றது. அடுத்து பிளக்கை அதே மாதிரி இரண்டாவதில் இருந்து நான்காவதுக்கு மாற்றுங்கள். அதுவும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர் அல்லது அழுத்தம். கொயிலையும் பிளக்கையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டால் எது நகர்ந்தது என்று தெரியாமல் போகும். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

சில பழைய மெக்கானிக் பாஸ்மார் எஞ்சின் ஓடும்போதே கொயிலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்ட டிஸ்ட்ரிபியூட்டர் காலத்தில் வயரை இழுத்துப் பார்த்த பழக்கம் அது. இன்றைய கொயிலில் பல்லாயிரம் வோல்ட் வரும். போக வழியில்லாத அந்த மின்சாரம் ஆளையும் அடிக்கலாம், கம்பியூட்டரையும் கெடுக்கலாம். ஓடும்போது எந்தச் சிலின்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டுமென்றால் இன்ஜெக்டரின் வயர் சொக்கட்டைச் சில நொடிகள் கழற்றுவது நல்லது. பெற்றோலும் நின்றுவிடுவதால் கன்வெர்ட்டருக்கும் கேடில்லை. கழற்றியதும் எஞ்சின் முன்பைவிட அதிகமாகத் தடுமாறினால் அந்தச் சிலின்டர் அதுவரை வேலை செய்திருக்கிறது. எந்த மாற்றமும் தெரியாவிட்டால் நீங்கள் தேடும் ஆள் அதுதான்.

பிளக்கைக் கழற்றினேன். அதில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், எந்தச் சிலின்டரில் இருந்து வந்தது என்று தெரியும்படி வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். நான்கையும் ஒரு கோப்பையில் போட்டுக் கொண்டுவந்தால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. மற்ற மூன்றோடும் ஒப்பிட்டால்தான் குறையுள்ளது பேசும்.

நல்ல பிளக்கின் முனையில் வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பாக, பால் தேநீர் நிறத்தில், காய்ந்திருக்கும். கறுப்பாகத் தூள் மாதிரிக் கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம், அல்லது கொழும்பின் காலி வீதி நெரிசலில் எஞ்சின் சூடேறாத சின்னச் சின்ன ஓட்டம் மட்டுமே. கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒயில் பூசியிருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஒயில் உள்ளே இறங்குகிறது. பெற்றோல் வாசனையோடு ஈரமாக இருந்தால் பெற்றோல் வருகிறது, பொறிதான் இல்லை. வெளிறி வெள்ளையாகி, முனை பொரிந்திருந்தால் பெற்றோல் போதாமல் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. ஒரு பிளக் மட்டும் கழுவி வைத்தது போலப் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலின்டருக்குள், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

முனையோடு நிறுத்திவிடாதீர்கள். வெளியே தெரியும் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றுங்கள். மேலிருந்து கீழாக மயிர் போல ஒரு கறுப்புக் கோடு ஓடியிருக்கும் சில நேரம். பொறி முனையில் குதிக்காமல் வெளிப்பக்கமாக ஓடி எஞ்சின் உடம்பில் இறங்கிய வழி அது. அதே கோடு கொயிலின் ரப்பர் குழாய்க்குள்ளும் இருக்கும். ரப்பரை விரித்துப் பாருங்கள். பிளக்கை மட்டும் மாற்றி அந்த ரப்பரை விட்டுவிட்டால் சில வாரத்தில் புதுப் பிளக்கிலும் அதே கோடு விழும்.

பிளக் இருக்கும் கிணற்றுக்குள் ஒயில் தேங்கியிருந்தால் எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரின் பேக்கிங் போய்விட்டது. பேக்கிங் மலிவு. ஆனால் அதை மாற்றாமல் கொயில் வாங்கினால் ஒயிலில் ஊறி அதுவும் கெடும்.

மழை பெய்தால் மட்டும் மிஸ் ஆகிறது. அல்லது சேர்விஸ் செய்து வந்த அன்றே தொடங்கியது.

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: பிளக் கிணற்றுக்குள் தண்ணீர். சேர்விஸ் நிலையங்களில் எஞ்சினை வேகத் தண்ணீரால் கழுவி மினுக்கித் தருவதைப் பலர் விரும்பிக் கேட்கிறார்கள். நான் அதை விரும்புவதே இல்லை. தண்ணீர் கொயில் ரப்பருக்குக் கீழே இறங்கி, வெளியேற வழியில்லாமல் நாட்கணக்கில் நிற்கும்.

வெள்ளவத்தையில் இருந்து வந்த ஓர் அக்சியோ இதற்கு நல்ல உதாரணம். கழுவிய அன்று பின்னேரமே உதறல். வேறோர் இடத்தில் கொயில் எல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மூன்றாவது கொயிலைத் தூக்கியபோது ரப்பரின் நுனியில் இருந்து தண்ணீர் சொட்டியது. கிணற்றுக்குள் பிளக்கின் அறுகோண முனை நீருக்கடியில் கறள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. காற்றடித்துக் காயவைத்து, பழைய கொயிலையே பூட்டினோம். கார் பஞ்சு மாதிரி ஓடியது.

நீங்கள் செய்வதானாலும் வரிசை முக்கியம்: கொயிலைத் தூக்கி, தண்ணீரை உறிஞ்சி, காற்றடித்து, அதன் பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீரும் மண்ணும் சிலின்டருக்குள் விழும். பூட்டும்போது ரப்பரின் உள்வாயில் மின்கடத்தாக் கிரீஸ் ஒரு துளி தடவினால் ஈரம் ஏறாது, அடுத்த தடவை ஒட்டிக்கொள்ளவும் மாட்டாது.

ஆமர் வீதியிலோ கொலன்னாவைப் பக்கமோ வெள்ளத்துக்குள் ஓட்டி, கார் நின்றுவிட்டது என்றால் கதை வேறு. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று வடிகட்டி நனைந்திருந்தால் சிலின்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். இழுத்துக்கொண்டு வாருங்கள்.

மரைன் டிரைவை ஒட்டி வசிப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் வயர் சொக்கட்டின் உள்முனைகள் பச்சை பூக்கும். கொயில், சென்சர் எல்லாம் நல்லதாகவே இருக்கும், தொடர்புதான் இருக்காது. அதற்கான கிளீனர் அடித்துத் துடைத்தாலே பல "கொயில் குறைகள்" மறைந்துவிடுகின்றன. நிறுத்தி வைத்த காரில் எலி வயர் கடிப்பதும் குறைவில்லை, பொனட்டைத் திறந்ததும் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

பிளக்கை எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

சாதாரண நிக்கல் பிளக் என்றால் 20,000 முதல் 40,000 வரை. இரிடியம் என்றால் ஏறக்குறைய 100,000. கொழும்பு நெரிசலில் கார் நகராமலே எஞ்சின் மணிக்கணக்கில் ஓடுகிறது, அதனால் மீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். மீற்றர் குறைத்து வந்த ரீகண்டிஷன் கார்களும் இருக்கின்றன. பழைய கார் வாங்கினால் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டின் ஜிபி1 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதில் நான்கு சிலின்டர், ஆனால் எட்டுப் பிளக். ஒவ்வொரு சிலின்டருக்கும் இரண்டு. பின்னால் இருக்கும் நான்கையும் எட்டுவது சிரமம் என்பதால் முன் நான்கை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவதுண்டு. "எட்டும் மாற்றினீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கழற்றிய எட்டையும் கையில் வாங்குங்கள்.

பூட்டும்போது ஸ்பானரால் தொடங்கக் கூடாது. பிளக்கின் தலையில் பழைய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, விரலால் சுழற்றி இறக்குங்கள். மரை கோணலாக ஏறினால் ரப்பர் வழுக்கிவிடும், அலுமினிய ஹெட் தப்பும். எவ்வளவு இறுக்குவது என்பது பிளக் பெட்டியிலேயே போட்டிருக்கும். இரிடியம் பிளக்கின் இடைவெளியைத் தட்டியோ நெம்பியோ திருத்த முயலாதீர்கள், அந்த ஊசி முனை உடைந்துவிடும்.

பஞ்சிகாவத்தையில் பாதி விலைக்குக் கொயில் தருகிறார்கள். வாங்கலாமா?

வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இல்லாமல் கொழும்பில் எந்தக் கராஜும் நடக்காது. நானும் அங்கேதான் போகிறேன். ஜப்பானில் இருந்து கழற்றி வந்த அசல் கொயில், பெட்டியோடு வரும் போலிக் கொயிலைவிட எத்தனையோ மேல். பாவித்தது வாங்கினால் பாக இலக்கம் உங்கள் பழையதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா, சொக்கட் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றித் தருவதாகச் சொன்னால் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பிளக் மட்டும் புதிதாகவே வாங்குங்கள். டென்சோ, என்ஜிகே பெயரில் போலிகள் வருகின்றன. நடு முனை சரியாக மையத்தில் இல்லாதது, எழுத்து விரலால் தேய்த்தால் கரைவது, வாஷர் லூசாகக் கழன்று வருவது, எல்லாம் நல்ல அறிகுறி இல்லை. இரிடியம் பிளக் நிக்கல் விலைக்குக் கிடைத்தால் அது இரிடியம் இல்லை.

பெற்றோல் சரியில்லாததால் மிஸ் ஆகுமா? 95 அடித்தால் போகுமா?

ஒக்டேன் கூடினால் மிஸ் போகாது. குறைந்த ஒக்டேன் தருவது மிஸ் அல்ல, தட்டல் சத்தம். ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கு வைத்திருக்கும் கீழ்வரம்பு 89 ஒக்டேன். அந்தப் பெற்றோலுக்கென்று செய்த விட்ஸுக்கும் அக்சியோவுக்கும் இங்குள்ள 92 தாராளம். உங்கள் காரின் கையேடு 95 கேட்டால் மட்டும் 95 அடியுங்கள்.

பெற்றோலில் தண்ணீர் கலந்திருந்தால் மிஸ் வரும். எரிபொருள் நிரப்பிய கொஞ்ச நேரத்தில் எல்லாச் சிலின்டரும் சேர்ந்து தடுமாறி, பி0300 வந்தால் அந்தச் சந்தேகம் நியாயமானது. கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஆறுதலாக வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். 2022-இல் வரிசையில் நின்று கானில் சேர்த்த பெற்றோல் யாரிடமாவது இன்னும் இருந்தால் தயவுசெய்து காரில் ஊற்ற வேண்டாம். பழைய பெற்றோல் பிசினாகி இன்ஜெக்டரில் ஒட்டும்.

பிளக்கும் கொயிலும் நல்லது. இன்னும் மிஸ் ஆகிறது.

இப்போது பெற்றோலும் காற்றும். ஒரே சிலின்டர் என்றால் இன்ஜெக்டர். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள், பெல்ட்டில் இருந்து தள்ளி நின்று. 'டிக் டிக்' என்று சீராகக் கேட்க வேண்டும். ஒன்று ஊமையாக இருந்தால் வயரா இன்ஜெக்டரா என்று மல்டிமீற்றர் சொல்லிவிடும். சத்தம் வந்தும் மிஸ் ஆனால் அடைப்பு இருக்கலாம். கழற்றி மெஷினில் கழுவி, நான்கும் ஒரே அளவு தெளிக்கிறதா என்று குழாயில் அளந்து காட்டும் இடங்கள் கொழும்பில் இருக்கின்றன. தாங்கியில் ஊற்றும் கிளீனர் போத்தல் இலேசான படிவுக்கு உதவும். செத்த இன்ஜெக்டரை எழுப்பாது.

எல்லாச் சிலின்டரும் மாறி மாறி என்றால், கூடவே பி0171 இருந்தால், எங்கோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது. ரப்பர் குழாய்கள் இங்குள்ள சூட்டில் வெடிக்கும், அதுவும் வளைவின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவை, அதாவது கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தைப் பாருங்கள். நின்று ஓடும்போது கூட்டல் 15, 20 சதவீதம் காட்டி, 2500 சுற்றில் இயல்புக்கு வந்தால் காற்றுக் கசிவு. சுற்றுக் கூடக் கூடத் திருத்தமும் கூடினால் பெற்றோல் பம்ப் அல்லது ஃபில்டர் போதாமல் தவிக்கிறது.

கொம்பிரஷன் பார்க்க வேண்டும் என்கிறார் பாஸ். அவசியமா?

கொம்பிரஷன் என்பது சிலின்டருக்குள் ஏறும் அழுத்தம். பொறியும் பெற்றோலும் சரி என்று உறுதியான பிறகு, ஆம், அவசியம். அளவு எவ்வளவு என்பதைவிடச் சிலின்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதே முக்கியம். மூன்று 170 பிஎஸ்ஐ காட்டி ஒன்று 100 காட்டினால் அங்கேதான் குறை. அந்தச் சிலின்டரில் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளந்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது எஞ்சின் தலைக்குக் கீழே இருக்கும் பேக்கிங்கான ஹெட் கஸ்கட். அருகருகே உள்ள இரண்டு சிலின்டர் ஒன்றாகக் குறைந்தால் இரண்டுக்கும் நடுவில் கஸ்கட் போயிருக்கக் கூடும். எஞ்சினைத் திறக்கச் சம்மதிப்பதற்கு முன் இந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிரியஸ். காலையில் முதல் தடவை எஞ்சின் ஓடும்போது மட்டும் பயங்கரமாக உதறி, பிறகு சரியாகிவிடுகிறது.

தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் இது நன்கு அறியப்பட்ட வருத்தம். இரவில் ஹெட் கஸ்கட் வழியாகக் கொஞ்சம் கூலன்ட் சிலின்டருக்குள் கசிந்து நிற்கிறது. காலையில் அந்தச் சிலின்டர் எரியாமல் உதறுகிறது, கூலன்ட் ஆவியாகிப் போனதும் சரியாகிவிடுகிறது. அதனால் சொந்தக்காரரும் மறந்துவிடுகிறார். கூலன்ட் போத்தலில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கீழே சொட்டாமலே மட்டம் இறங்கினால் அழுத்தச் சோதனை செய்து, பிளக்கைக் கழற்றிச் சின்னக் கமராவை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈஜிஆர் பாதை கரியால் அடைபடுவதும் மிஸ்ஸுக்கு ஒரு காரணம். அதைக் காலத்தோடு கழுவிவிடுவது நல்ல முதலீடு.

ஹைபிரிட்டில் மோட்டார் கைகொடுப்பதால் மிஸ் வெளியே தெரிவது குறைவு. அலட்சியமாக ஓட்டுவதும் அதனால்தான். செம்மஞ்சள் வயர்கள் உயர் வோல்ட், அவற்றைத் தொடும் வேலை பயிற்சி பெற்றவருக்கு மட்டும்.

பழைய சன்னி ஒன்று இருக்கிறது. ஸ்கேனர் செருகவே இடமில்லை.

இதற்கு ஸ்கேனர் வேண்டாம், இருட்டுப் போதும். இரவில் விளக்கை அணைத்து, பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பிளக் வயரில் வெடிப்பு இருந்தால் நீலப் பொறி வெளியே குதிப்பது கண்ணுக்கே தெரியும். கையை வைக்க வேண்டாம். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே ஈரம், வெடிப்பு, தேய்ந்த முனைகளைப் பாருங்கள். பொயின்ட் உள்ள எஞ்சின் என்றால் அதன் இடைவெளியும் கொண்டென்சரும்.

டீசல் வானுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பிளக் பொறி இல்லை, எனவே பெரும்பாலும் இன்ஜெக்டர்தான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயில் இருந்து டீசல் போகும் கொமன் ரெயில் எஞ்சினில் பழைய முறைப்படி குழாய் நட்டை லூசாக்கிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் கார் நன்றாக இழுக்கும் என்கிறார்கள்.

மிஸ்ஸை அது சரிசெய்யாது. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதற்கு வாங்குபவர் உண்டு. "எடுத்துவிடலாம்" என்ற ஆலோசனை வரும்போது கழற்றிய கன்வெர்ட்டர் யாரிடம் போகிறது என்று கேளுங்கள். அடைபட்டது உண்மையென்றால், முதலில் மிஸ்ஸைச் சரிசெய்து, அதன் பிறகு மாற்ற வேண்டும். வரிசை மாறினால் புதியதும் உருகும்.

புகைப் பரிசோதனையில் ஹைட்ரோகார்பன் கூடிப் போய்விட்டது. இதோடு தொடர்பா?

நேரடித் தொடர்பு. எரியாத பெற்றோல்தான் அந்த ஹைட்ரோகார்பன். கார்பன் மொனொக்சைட் இயல்பாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் மிஸ்ஸைத் தேடுங்கள். இரண்டும் கூடினால் பெற்றோல் அதிகம் போகிறது. வருமான அனுமதிப்பத்திரம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே பரிசோதனைக்குப் போனால் திருத்த நேரம் இருக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

கராஜுக்குப் போனால் என்ன சொல்ல வேண்டும்?

"கொயில் மாத்துங்க" என்று சொல்லாதீர்கள், மாற்றிவிடுவார்கள். எப்போது வருகிறது என்று சொல்லுங்கள்: குளிரிலா சூட்டிலா, ஏசி போட்டா, மழையிலா, நின்று ஓடும்போதா, ஏற்றத்திலா, எரிபொருள் அடித்த பிறகா. கடைசியாக யார், என்ன வேலை செய்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். முடிந்தால் உதறும்போது ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கராஜில் வந்து நிற்கும்போது கார் ஒழுங்காகத்தான் ஓடும்.

சோதித்துப் பார்ப்பதற்குக் காசு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஒரு மணி நேரம் செலவழித்து "இந்த ஒரு ரப்பர்தான்" என்று கண்டுபிடிப்பவருக்குப் பாகத்தில் லாபம் கிடைக்காது. அந்த நேரத்துக்கு நாம் காசு கொடுக்காவிட்டால் அவர் பாகம் விற்றுத்தான் பிழைக்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், கோட்டை அழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஏசி போட்டு, நெரிசலிலும் ஒரு ஏற்றத்திலும் சில நாள் ஓட்டிவிட்டுத் திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். லைட் எரியாவிட்டாலும் நிலுவையில் ஒரு கோட் காத்திருக்கலாம். அது காலியாக இருந்தால் வேலை முடிந்தது.